திறைசேரி காலியாகவில்லை

பிரெஞ்சுப் புரட்சிக்கு என்னிடம் பத்துக் காரணங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஒன்பது வருடம் அவற்றைப் படிப்பித்தேன். அடிப்படைக் காரணங்கள் ஒன்பது, உடனடிக் காரணம் ஒன்று. ஆடம்பர அரசன், ஊதாரி அரசி, ஏழைமேல் விழுந்த வரி, காலியான திறைசேரி, சிந்தனையாளர்களின் எழுத்து என்று தொடங்கினால் மூச்சு விடாமல் பத்தையும் சொல்லி முடிப்பேன். பிள்ளைகள் இலக்கம் போட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். சோதனையில் பத்தும் எழுதினால் முழுப் புள்ளி, எட்டு எழுதினால் எட்டுக்குரிய புள்ளி. இதில் எது பெரிய காரணம், எது சின்னக் காரணம் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் "சோதனைக்கு வராததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே" என்று நானே இருத்தியிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் கணவரும் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து சான்ட்ரிங்ஹாம் பகுதியில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அவர் பொறியியலாளர். ஆறு மாதத்துக்குள் நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறும் வேலை அவருக்குக் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைத்தவை கடிதங்கள். உங்கள் பட்டம் மெத்தச் சரி, உங்கள் அனுபவம் மெத்தச் சரி, ஆனால் என்று தொடங்கும் கடிதங்கள். கடைசியில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நிபந்தனையோடு இடம் தந்தது. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு வரலாற்றுப் பாடம் எடுத்து, அதில் குறைந்தது பி எடுக்க வேண்டும். எடுத்தால் அடுத்த பெப்ரவரியில் பயிற்சி. எடுக்காவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்கு. இரண்டாம் தடவை முயற்சி செய்ய எங்களுக்கு வசதியில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆகவே அந்த வருடம் ஒன்றுதான் எனக்கு இருந்தது. திரும்பவும் வகுப்பறை, அல்லது நான் காலையில் வேலை செய்துகொண்டிருந்த சலவைத் தொழிற்சாலையே கதி.

பாடம் இருபதாம் நூற்றாண்டின் புரட்சிகள். முதல் கட்டுரையின் தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெளிநாடுகள் முட்டுக்கொடுத்து வைத்திருந்த ஈரான் மன்னரை மதத்தின் பெயரால் எழுந்த புரட்சி வீழ்த்தியதற்கான காரணங்களை ஆராய்க. இவ்வளவுதானா என்றேன். அரசன் இருக்கிறான், ஆடம்பரம் இருக்கிறது, கோபம் கொண்ட சனம் இருக்கிறது. நான் ஒன்பது வருடம் அரைத்த மாவு.

நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து, பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் பொறுக்கினேன். பிறகு பிரெஞ்சுப் புரட்சியின் விடையைத் தலைக்குள் விரித்து வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றினேன். சிந்தனையாளர்கள் இருந்த இடத்தில் மதகுருமார். பிரபுக்கள் இருந்த இடத்தில் வெளிநாட்டு ஆலோசகர்கள். உடனடிக் காரணத்துக்கு ஒரு துப்பாக்கிச் சூடு. நான்காவது காரணம் வந்தபோது, பழக்க தோஷம், "திறைசேரி காலியாகி" என்று கை தானாகவே எழுதியது. பிள்ளைகள் இப்படிச் செய்தால் ஈயடிச்சான் கொப்பி என்று காதைத் திருகியிருப்பேன். நான் செய்தபோது அது அனுபவம் என்று பட்டது.

கணவர் தன் அலுவலகத்தில் அதைத் தட்டச்சு செய்து எடுத்து வந்தார். காரணங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"பத்தும் வந்திட்டுது. இனி என்ன பயம்? உமக்கு ஏ தான்" என்றார்.

டி வந்தது. கட்டுரையின் ஓரத்தில் நான்காவது காரணத்துக்கு நேரே விரிவுரையாளர் எழுதியிருந்தார்: திறைசேரி காலியாகவில்லை, நிரம்பி வழிந்தது, அப்படியிருக்க ஏன்? கடைசிப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி: இது பட்டியல், இதில் நீங்கள் எதை நம்புகிறீர்கள்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒரு கிழமை முழுக்க நான் கூடத்தையே குறை சொன்னேன். வெள்ளைக்காரனுக்கு எங்கள் படிப்பு முறை விளங்கவில்லை என்றேன். என் ஆங்கிலத்தைப் பார்த்துப் புள்ளியைக் குறைத்துவிட்டான் என்றேன். நம்புகிறேனா? வரலாறு என்ன கோயிலா, நம்புவதற்கு? கணவர் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். எட்டாம் நாள் கோபம் அடங்கியதும் வெறும் பயம்தான் மிச்சம் இருந்தது. விரிவுரையாளரைப் பார்க்கப் போனேன்.

அரைக் காற்சட்டையும் செருப்புமாக இருந்தார், என்னைவிட நாலைந்து வயது இளையவர். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை, சேர் என்றேன்.

"உங்கள் கட்டுரையில் காசில்லாமல் விழுந்த ஓர் அரசன் இருக்கிறான். ஈரான் மன்னருக்கு எண்ணெய்க் காசு கொட்டிக் கிடந்தது. இது எந்த நாட்டுக் கட்டுரை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பியவர்போலக் கேட்டார்.

எனக்கு முகம் எரிந்தது. பிரெஞ்சு நாட்டுக் கட்டுரை என்று எப்படிச் சொல்வது?

"மூன்று கிழமை தருகிறேன். திரும்ப எழுதுங்கள். இரண்டாவது புள்ளியையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வேண்டாம். ஒன்றைப் பிடியுங்கள், அதை என்னை நம்ப வையுங்கள்" என்றார்.

நான் வேலை செய்த தொழிற்சாலைக்கு ஹோட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் இருந்து பெட்ஷீட்டுகள் வரும். தோய்த்து ஈரமாக வருவதை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, இழுத்து, சுருக்கம் இல்லாமல் பெரிய இஸ்திரி உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் துணி கோணி உள்ளே சிக்கும். அதனால் எந்த நேரமும் எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்த்தபடிதான் வேலை. எட்டு மாதமாக எனக்கு எதிரில் நின்றவள் ஈரான்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஊரில் தாதி. இங்கே அகதியாக வந்து பல வருடம். கணவன் வெஸ்ட்கேட் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கடைகளில் தரை ஓடு பதித்துக்கொண்டிருந்தான். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரே மகள். இவ்வளவும் எனக்குத் தெரியும். அவள் தேநீரில் சீனியைக் கரைக்காமல் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு குடிப்பாள் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கட்டுரையை எழுதும்போது இவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கேட்க வேண்டியது புத்தகத்திடம் என்றுதான் நான் வளர்ந்திருந்தேன்.

அடுத்த நாள் காலை, உருளைக்கு முன்னால் நின்றபடி கேட்டேன். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது உடைந்த ஆங்கிலம்தான், இங்கே தமிழில் சொல்கிறேன்.

"உங்கள் நாட்டுப் புரட்சிக்கு என்ன காரணம்?"

அவள் முகம் இறுகிவிட்டது. "இந்தக் கேள்வியை மூன்று நாட்டு அதிகாரிகள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஏன் ஊர்வலம் போனாய், பிறகு ஏன் ஓடி வந்தாய். நீயும் கேட்காதே" என்றாள்.

இரண்டு நாள் பேச்சில்லை. முகத்தை முகம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. எனக்கும் கோபம் மூக்கு நுனியில். ஒரு கேள்வி கேட்டதற்கு இவ்வளவா என்று இருந்தது. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரம், பையில் இருந்த கட்டுரையை எடுத்து அவள் முன்னால் போட்டேன். "பார். நான் அதிகாரி இல்லை. பெயில் விட்ட ரீச்சர்" என்றேன்.

அவள் டி-யைப் பார்த்தாள். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். நான்காவது காரணத்தில் விரல் நின்றது. முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"காலியா? எங்கள் மன்னருக்கா? பாலைவனத்தில் கூடாரம் அடித்து, பாரிஸிலிருந்து விமானத்தில் சாப்பாடு இறக்கி, உலகத்து ராஜாக்களுக்கெல்லாம் விருந்து வைத்த மனிதருக்கா?"

வேலைக்குத் திரும்பிய பிறகும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையிலிருந்து ஒரு மூலை நழுவி, ஒரு ஹோட்டல் பெட்ஷீட் கோணலாக உள்ளே போய்ச் சுருண்டு, இயந்திரம் புகையத் தொடங்கியது. எங்கள் மேற்பார்வையாளர் பிஜியில் பிறந்தவர், பாட்டனின் பாட்டன் தமிழர். அவருக்கு மிஞ்சியிருந்த தமிழ் ஐந்தாறு சொல். ஓடி வந்து நிறுத்தும் கயிற்றை இழுத்துவிட்டு, அதில் ஒன்றை எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கத்தினார்: "போதும்! போதும்!"

அன்று வேலை முடிந்து வெளியே வரும்போது அவள் சொன்னாள்: "சரி, சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்று. அடுத்த நாள் காலை நீ அதை எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். என்னை முட்டாளாக்கிச் சொன்னாலும் நிறுத்திவிடுவேன், வீராங்கனையாக்கிச் சொன்னாலும் நிறுத்திவிடுவேன்."

அப்படித்தான் நான் ஈரான் புரட்சியைப் படித்தேன், ஈரத் துணியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு.

முதல் நாள் நாட்காட்டி. மன்னர் திடீரென்று ஒரு நாள் ஆண்டைக் கணக்கிடும் முறையை மாற்றினாராம், பழைய பேரரசின் தொடக்கத்திலிருந்து. "ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தில் படுத்தேன், இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சத்தில் எழும்பினேன். அம்மாவுக்குத் தன் வயது என்ன என்றே குழம்பிவிட்டது" என்றாள். இன்னொரு நாள், அவளுடைய தாயின் காலம். சனம் விரும்பிய ஒரு பிரதமர் எண்ணெய் எங்களுக்கே சொந்தம் என்றாராம். இரண்டு வெளிநாடுகள் சேர்ந்து அவரை இறக்கிவிட்டு, ஓடிப்போயிருந்த மன்னரைத் திருப்பிக் கொண்டுவந்து சிம்மாசனத்தில் இருத்தின. அதற்குப் பிறகு மன்னர் தும்மினாலும் சனம் திரும்பிப் பார்த்தது வெளிநாட்டுத் தூதரகத்தைத்தான். அவர் பள்ளிக்கூடம் கட்டினாலும், நிலத்தைப் பங்கிட்டாலும், நல்லதே செய்தாலும், இது யாருக்காக என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது.

நான் அடுத்த நாள் திருப்பிச் சொல்வேன். அவள் திருத்துவாள். "அவ்வளவு கெட்டவர் என்று நான் சொல்லவில்லையே. நான் படித்த தாதிக் கல்லூரியும் அவர் காலத்தில் கட்டியதுதான்" என்பாள். ஒன்பது வருடம் ரீச்சராக இருந்தவள் ஒரு நாளைக்கு நாலு தடவை பிழை விட்டேன்.

பிறகு அவள் தகப்பனின் கதை. அவருக்குக் கடைவீதியில் துணிக்கடை. எண்ணெய்க் காசு நாட்டுக்குள் கொட்டியதும் சாமான்களின் விலை ஏறியது. அரசாங்கம் தன்மேல் பிழை வைக்குமா? கடைக்காரர்கள்தான் கொள்ளையடிக்கிறார்கள் என்று மாணவர்களைக் கையில் கொப்பியோடு அனுப்பி விலை பார்க்கச் சொன்னது. தகப்பனின் கடையைப் பூட்டி, வாசலில் கள்ள வியாபாரி என்று எழுதி ஒட்டினார்கள். இரண்டு கிழமை அது அப்படியே இருந்தது.

"அப்பா தொழுகையைக்கூட ஒழுங்காகச் செய்யாதவர். அந்த இரண்டு கிழமைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிவாசலுக்குப் போனார்."

"மனம் நொந்து கடவுளிடம் போயிருக்கிறார்" என்றேன். எனக்கு அது தெரிந்த கதை.

"இல்லை, இல்லை" என்று அவள் துணியை ஓர் இழுப்பு இழுத்தாள். "நாட்டில் ஒரு கட்சிதான், அது மன்னரின் கட்சி. சங்கம் கூடினால் பொலிஸ் வரும். தேநீர்க் கடையில் வாய் திறந்தால் பக்கத்து மேசையில் ஒற்றன். பத்திரிகையில் எழுத முடியாது. பள்ளிவாசலில் நாலு பேர் கூடி இருந்தால் தொழுகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். அப்பா கடவுளைத் தேடிப் போகவில்லை. கதைக்க ஓர் இடம் தேடிப் போனார். கடவுள் அங்கே இருந்தார், அவ்வளவுதான்."

அன்று உருளைக்குள் எத்தனை பெட்ஷீட் கொடுத்தோம் என்று எனக்கு நினைவில்லை. அந்த ஒரு வசனத்தை மட்டும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது கிழமை முடிவில் அவள் நாற்பதாம் நாளுக்கு வந்தாள். அவர்கள் வழக்கத்தில் செத்தவருக்கு நாற்பதாம் நாள் கூடித் துக்கம் கொண்டாடுவார்கள். வேறு ஒரு நகரத்தில் ஊர்வலம் போனவர்களைச் சுட்டுவிட்டார்கள். நாற்பதாம் நாள் அவளுடைய நகரத்தில் கடைகளை அடைத்துவிட்டுச் சனம் பள்ளிவாசலுக்குப் போனது. இவளும் போனாள், பத்தொன்பது வயது.

"கதவைப் பொலிஸ் பூட்டி வைத்திருந்தது. நாங்கள் புரட்சி செய்யப் போகவில்லை. அழப் போனோம்."

"செத்த வீட்டுக்கு வந்தவனை வாசலில் மறித்தார்களா?" என் குரல் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் போய்விட்டது. எங்களுக்கும் செத்தவருக்கு எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் உண்டு. எந்தப் பகையாளி வந்தாலும் அந்த வாசலில் மறிக்க மாட்டோம். பத்து வருடம் கதை பேச்சு இல்லாதவன்கூட அன்று தலை குனிந்து உள்ளே வந்து இருந்துவிட்டுப் போவான்.

"மறித்தார்கள். அன்று எங்கள் நகரத்திலும் செத்தார்கள். அவர்களுடைய நாற்பதாம் நாள் இன்னும் சில நகரங்களில். அங்கேயும் சுட்டார்கள். பிறகு இன்னொரு நாற்பது. மன்னரால் நாட்காட்டியை மாற்ற முடிந்தது. சனம் நாற்பது வரை எண்ணுவதை மாற்ற முடியவில்லை."

புரட்சிக்குப் பிறகு வந்தது என்ன என்று நான் கேட்கவில்லை, அவள் இங்கே நிற்பதே அதற்குப் பதில். எங்கள் ஊரில் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்போம் என்று சொல்லி, பிள்ளையார் யார், அவருக்கு ஏன் யானை முகம் என்றெல்லாம் விளக்கினேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் உடனே விரலை நீட்டினாள்.

"குரங்காய் முடிந்தது உண்மை. அதற்காக, மண்ணைப் பிசைந்தவர்களுக்குக் காரணமே இருக்கவில்லை என்று எழுதாதே. என் மகள் அப்படித்தான் நினைக்கிறாள். ஒரு தடவை சொன்னாள், நீங்கள்தானே இந்த மதகுருமாரை ஆட்சிக்குக் கொண்டுவந்தீர்கள் என்று. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கதையே இல்லை. நான் பாரசீகத்தில் ஏதாவது தொடங்கினாலும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் முடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவாள்."

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் என்னைப் பார்க்கப் பாடசாலைக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. நான் வகுப்பாசிரியை. அவருடைய மகள், வடிவான கையெழுத்துக்காரி, ஒரு நாள் வீட்டை விட்டு இயக்கத்துக்குப் போய்விட்டாள். அவள் ஏதும் சொன்னாளா, ஏன் போனாள் என்று தாய் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? காலம் சரியில்லை அம்மா, படித்தாலும் வேலையில்லை, நாடு இப்படி இருக்கிறது என்று ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரீச்சர், அந்தக் காரணமெல்லாம் ஊரிலை எல்லாப் பிள்ளையளுக்கும் இருந்ததுதானே. என்ரை பிள்ளை ஏன் போனது?" என்றார்.

அந்தப் பிள்ளை இரண்டு வருடம் என் முன்னால் இருந்தபோது நான் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. புரட்சிக்கு உடனடிக் காரணம் யாது என்பதைத் தவிர. பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் பேசாமல் ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினாள். நன்றி சொல்லி மூக்கைச் சிந்தினேன், சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் இறங்கி வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு எழுதுவது கஷ்டமாக இருக்கவில்லை. வெட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. மன்னரிடம் காசு இருந்தது, படை இருந்தது, வெளிநாட்டு நண்பர்கள் இருந்தார்கள். அந்தப் பலத்தில் அவர் சனம் கூடக்கூடிய ஒவ்வொரு அறையாகப் பூட்டினார். ஒரே ஓர் அறையை மட்டும் பூட்ட முடியாமல் விட்டார். ஆகவே கடைக்காரனும் மாணவியும் தொழிலாளியும் கடவுளை நம்பியவனும் நம்பாதவனும் அந்த ஓர் அறைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். பள்ளிவாசலே அவர்களுக்குப் பத்திரிகை, சங்கம், பாராளுமன்றம் எல்லாம் ஆனது. பிறகு ஒரு துக்க நாளில் அந்தக் கதவையும் பூட்டினார். புரட்சி மதத்தின் உடையில் வந்ததற்குக் காரணம் அதுதான் என்று எழுதினேன். என் வாழ்க்கையில் "என்று நான் கருதுகிறேன்" என்று நான் எழுதிய முதல் வசனம் அது. எழுதிவிட்டு யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

கணவர் வாசித்தார். பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டித் தேடினார்.

"ஒண்டுதானே எழுதியிருக்கிறீர்? மிச்சம் ஒன்பதையும் கடைசியிலை ஒரு பந்தியா எண்டாலும் போட்டு வையும். இருந்திட்டுப் போகட்டும், பாதுகாப்புக்கு."

உண்மையைச் சொல்கிறேன், போட்டேன். அந்தப் பந்தியைச் சேர்த்ததும் மனம் ஆறியது. சோதனை மண்டபத்தில் பத்தும் எழுதி முடித்த பிள்ளையின் நிம்மதி. அடுத்த நாள் காலை, கொடுக்கப் போகும் நாள், சமையலறையில் நின்று அதை இன்னொரு தடவை வாசித்தேன். மற்றப் பக்கங்களில் ஒரு மனுசி பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பந்தியில் பயந்த பிள்ளை ஒன்று இலக்கம் போட்டுக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன். அதிலிருந்த முடிவுரை நாலு வரியைக் கையால் எழுதிச் சேர்த்தேன். "உமக்கு விசர்" என்றார் கணவர், ஆனால் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை கூட வந்தார்.

கட்டுரையைக் கொடுப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து ஈரான்காரியிடம் கொடுத்தேன். கணவரை விட்டால் முதல் வாசகி அவள்தான் என்று நினைத்தேன். அவள் வாசித்தாள், இரண்டு இடத்தில் தலையாட்டினாள், ஓர் இடத்தில் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "மகளின் மேசையில் போட்டு வைக்கப் போகிறேன். ஒன்றும் சொல்ல மாட்டேன். வாசித்தால் வாசிக்கட்டும்" என்றாள்.

பத்து நாள் கழித்துப் புள்ளி வந்தது. பி பிளஸ். படிக்கட்டிலேயே இருந்துவிட்டேன். இனி மற்றக் கட்டுரைகளையும் இப்படி எழுதினால் பெப்ரவரி எனக்குத்தான். சந்தோஷத்தில் அடுத்த பக்கத்தைப் பார்க்காமலே எழும்பி நடந்தவள், பாதி வழியில் நின்று பார்த்தேன். விரிவுரையாளர் எழுதியிருந்தார்: இதை நான் ஏற்கவில்லை, வந்து வாதாடுங்கள்.

ஏற்காதவர் ஏன் பி பிளஸ் தந்தார்? எங்கள் ஊரில் விடை சரி, அல்லது பிழை. சரியாக எழுதியவளோடு ஆசிரியர் வாதாடுவது பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. பயந்து பயந்து போனேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டார். மதகுருமாருக்கு நெடுங்காலமாகச் சொந்தமாக ஓர் அமைப்பு இருந்தது, பணம் இருந்தது, நாட்டை எப்படி ஆள வேண்டும் என்று ஒரு கருத்தும் இருந்தது, நீங்கள் மதத்தை வெறும் கட்டடமாக்கிவிட்டீர்கள் என்றார். கதவு திறந்திருந்த கட்டடம், அவ்வளவுதானா?

அவர் சொன்னதில் பாதி நியாயம் என்று எனக்கே தெரிந்தது. மற்றப் பாதிக்காக வாயைத் திறந்தேன்.

"இல்லை, சேர். நீங்கள் சொல்வது பிழை."

சொல்லிவிட்டு இடி விழுமா என்று காத்திருந்தேன். அவர் முன்னால் சாய்ந்து, "ஏன்?" என்றார். முக்கால் மணி நேரம் கதைத்தோம்.

அடுத்த நாள் இதையெல்லாம் சொல்ல ஓடினேன். பி பிளஸ் என்றதும் ஈரான்காரி பெட்ஷீட்டோடு என்னைக் கட்டிப்பிடித்தாள், இரண்டு பேரும் நனைந்தோம். விரிவுரையாளர் என் கட்டுரையை ஏற்கவில்லை என்றேன்.

"என் மகளும் ஏற்கவில்லை" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பென்சிலால் கோடு கோடாகக் கிழித்து வைத்திருக்கிறாள். பூட்டியவனைப் பற்றி எழுதியிருக்கிறாயாம், சாவியை எடுத்தவனைப் பற்றி எழுதவில்லையாம். நேற்று இரண்டு மணி நேரம் உன்னைத் திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நேரில் சண்டை பிடிக்க வேண்டுமாம்."

போனேன். ஈரான்காரியின் வீட்டில் குங்குமப்பூச் சோறு வாசம். மகள், பள்ளிச் சீருடை இல்லாமல் ஓர் அகலமான சட்டையில், கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரில் வந்து இருந்தாள். கெட்டிக்காரி. நான் திண்டாடினேன். அவள் சொன்ன இரண்டு விஷயத்துக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். அந்தச் சொல் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்ததை நானே ஆச்சரியமாகக் கேட்டேன்.

கடைசியில் அவள் பக்கங்களை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் கேட்டாள்: "பூட்டிய கதவு எல்லோருக்கும்தானே பூட்டியிருந்தது? அம்மாவின் தோழிகள் எத்தனையோ பேர் வீட்டில் இருந்தார்கள். அம்மா ஏன் போனாள்?"

தாய் தேநீர்த் தட்டோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் துடித்தது. ரீச்சர் அல்லவா? இரண்டு மூன்று காரணம் நாக்கு நுனியில் வரிசையில் வந்து நின்றன. அவற்றை விழுங்கினேன்.

"அதை என்னிடம் கேட்காதே. அம்மா அங்கே நிற்கிறா, அவவிடம் கேள்" என்றேன்.

மகள் திரும்பினாள். திரும்பி, தாயிடம் பாரசீகத்தில் கேட்டாள்.

தாய் தட்டை மேசையில் வைத்தாள், மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள், சொல்லத் தொடங்கினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மகள் இடையில் ஏதோ கேட்டாள், தாய் கையை ஆட்டி மறுத்தாள், மகள் விடவில்லை. நான் ஒரு சீனிக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீரைக் குடித்தேன். எனக்கு மனம் நிறைந்திருந்தது. இரண்டாவது கோப்பையை நானே ஊற்றிக்கொண்டேன், அவர்கள் கவனிக்கவில்லை.